சோடா மாஸ்டரோட கல்லு போண்டா

தொப்பூர் கணவாயில தக்காளி லாரி கவுந்து ரோடே செவசெவன்னு ஆச்சே, ஞாபகம் இருக்குதுங்களா? பாலக்கோட்டுத் தக்காளி. ஆளாளுக்குக் குண்டானத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். எங்க வூட்டுல ஒரு வாரம் ரசந்தான். ஆங், அத வுடுங்க. அந்த வருசந்தான் சோடா மாஸ்டரு சோடாவ வுட்டாரு. ஆப்பச்சோடா தீக்காத சீக்கே ஒலகத்துல இல்லன்னு நம்புன ஒரே மனுசன்!

என் பஞ்சர் கடைக்குப் பக்கத்துலதான் அவரு டிபன் கடை. வயித்து வலியா, சோடா. தேளு கொட்டுச்சா, சோடா. ஆடு எர எடுக்கலையா, அதுக்கும் சோடா. ஒருக்கா ஸ்டார்ட்டே ஆகாம நின்ன லாரிக்கும் கரைச்சுக்கிட்டு வந்தாரு. பேட்டரி முனையில பூத்திருந்த பச்சையக் கழுவி வுட்டதும் வண்டி கெளம்பிருச்சு. அதோட மனுசனப் புடிக்க முடியல.

அவரு கடைசி மக மல்லிகா. எட்டு வயசு. லீவு நாள்ல கடையில சாம்பார் ஊத்தும். ஊத்திக்கிட்டே இருக்கையில திடீர்னு கண்ணு நிலைச்சு நின்னுரும். கூப்புட்டாக் கேக்காது. சாஞ்ச வாளி சாஞ்சபடியே இருக்கும்.

"பாப்பா, போதும்... பாப்பா! யோவ் மாஸ்டரு, இட்லி நீச்சலடிக்குதுய்யா!"

மாஸ்டரு சோடாவக் கரைச்சுக்கிட்டு ஓடியாருவாரு. அவரு வர்றதுக்குள்ள புள்ள தெளிஞ்சு அடுத்த எலைக்குப் போயிருக்கும். வுடமாட்டாரே, புடிச்சு வாயில ஊத்திட்டு, "பாத்தீங்களா, சோடா!"ம்பாரு.

"குடிக்கறதுக்கு முன்னயே தெளிஞ்சிருச்சேய்யா"ன்னேன்.

"வாசனைக்கே தெளிஞ்சிருச்சுங்க!"

சோடாவுக்கு ஏதுங்க வாசன?

பள்ளிக்கூடத்துல கவனம் இல்லைன்னு பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சாங்க. அப்பறம் ஒரு நாளு ரோட்டத் தாண்டையில நடு ரோட்டுல நின்னுபோச்சு. லாரி பிரேக்கு அடிச்ச சத்தம் இன்னும் என் காதுல இருக்குது. நாந்தான் ஓடித் தூக்கியாந்தேன். அன்னிக்கு மாஸ்டரு ஓடியாந்த வேகத்துல கரைச்ச சோடா பூராவும் ரோட்டுலயே கொட்டிப்போச்சு.

மறு நாளே தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். டாக்டரம்மா ஒரு காகிதக் காத்தாடியக் குடுத்து, "வுடாம ஊது கண்ணு"ன்னாங்க. ஊதுச்சு, ஊதுச்சு. காத்தாடி நின்னுச்சு, புள்ளையும் நின்னுச்சு. மாஸ்டரு பையில இருந்து டப்பாவ எடுத்துக் கலக்க ஆரம்பிச்சுட்டாரு.

"என்னங்க அது?"

"சோடாங்கம்மா. இப்பத் தெளிஞ்சுரும் பாருங்க."

"அவ அப்பவே தெளிஞ்சு காத்தாடி ஊதறாளே!"

அப்பறம் பொறுமையாச் சொன்னாங்க. இது ஒரு மாதிரி வலிப்பாம். கொஞ்ச நேரத்துல தானா வுட்டுருமாம். வேகவேகமா மூச்சு வுட்டா ரத்தத்துல புளிப்புத்தன்மை கொறஞ்சு சோடா பக்கமாச் சாயுமாம், அப்பத்தான் இந்த வலிப்பு சுலுவா வருமாம்.

"நீங்க அதுக்கு மேல சோடாவையே குடுக்கறீங்க. இனி வேண்டாங்க. மாத்திரை தர்றேன்."

மாஸ்டரு டப்பாவ மூடுனாரு. பஸ்ஸ வுட்டு எறங்குனதும் அத என் கையில வெச்சாரு. "பேட்டரிக்கு வெச்சுக்கங்க."

மாத்திரை சாப்புட்டதுல இப்ப மல்லிகா அப்பிடி நிக்கறதில்ல. சாம்பாரு அளவாத்தான் வுழுவுது, டிரைவருங்களுக்கு அதான் கொற. ஆனா மாஸ்டரு போண்டா மாவுக்குக்கூட சோடா போடறதில்ல. கடிச்சா கல்லு! "டாக்டரம்மா போண்டாவையா சொன்னாங்க?"ன்னு கேட்டா, "எம் மக கடிக்கற போண்டாங்க அது"ங்கறாரு.

அந்தப் பக்கம் போற ஆளுங்க கிட்டச் சொல்லிருங்க. புள்ளைங்க அப்பிடி வெறிச்சு நின்னா திட்ட வேண்டாம், டாக்டருகிட்டக் காட்டச் சொல்லுங்க. மாஸ்டரு கடையில போண்டா கடிபடலேன்னா, அவர ஒண்ணும் சொல்ல வேண்டாம், சாம்பார்ல ஊற வெச்சுத் திங்கச் சொல்லுங்க. இருக்கற நாலு பல்ல வெச்சுக்கிட்டு நானும் தினம் அப்பிடித்தான் தின்னுக்கிட்டிருக்கேன்.