கடற்பஞ்சும் ஒரு வெளுத்த வட்டமும்

உலகத்தில் கண்டுபிடித்தவர்கள் உண்டு, கண்டுபிடிக்காதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ‘அநேகமாகக் கண்டுபிடித்துவிட்டவர்கள்’. மேற்குத் தாம்பரம் தயாளன் சார் அதில் அசல் வித்து.

கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். எழுபத்துமூன்றாம் வருஷத்திலிருந்து சனிக்கிழமை தவறாமல் கோவளத்துக்குப் பஸ் ஏறி, வலையில் சிக்கி மணலில் வீசப்பட்ட கடற்பஞ்சையெல்லாம் பொறுக்கி, தூக்குவாளியில் அடைத்து, நாற்றத்தாலேயே பக்கத்து சீட்டைக் காலிசெய்துகொண்டு வீடு திரும்புவார்.

“இன்னா சார், நாய்கூட மோந்து பாக்காது, இத்தப் போயி தூக்கினு போறியே!” என்பாள் மீன்காரி பொன்னி.

“பல்லும் இல்ல, நகமும் இல்ல, ஓடவும் தெரியாது. இத்தனை கிருமிக்கு நடுவுல எப்படிம்மா உயிரோட இருக்கு? உள்ள மருந்து வச்சிருக்கு!”

யோசனை நல்ல யோசனைதான். பஞ்சை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் காகித வில்லையைத் தோய்த்து, கிருமி வளரும் தட்டில் வைத்தார். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாமல் வெளுத்த வட்டம்! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சர்ச் சபையில் எழுந்து சாட்சி சொன்னார், குரோம்பேட்டைச் சகலைக்குக் கார்டு போட்டார், திங்கட்கிழமை மாநாட்டில் கட்டுரை வாசிக்க இடமும் பிடித்துவிட்டார். பதினோரு வருஷமாகப் பதவி உயர்வைக் காணாதவருக்கு அந்த வட்டத்தில்தான் உயிரே இருந்தது.

சோதனைக்கூட உதவியாளர் ரத்தினபாய்தான் மெல்லக் கேட்டாள்: “சார், வெறும் ஸ்பிரிட்ல தோச்ச வில்லை ஒண்ணு வச்சுப் பாத்தீங்களா? ஸ்பிரிட்டே கிருமியைக் கொன்னிருந்தா?”

“உனக்கு விசுவாசமே கிடையாது ரத்தினபாய்!”

 ஆனால் அவளே அப்படி ஒரு வில்லையை வைத்துப் பார்த்தாள். திங்கள் காலை மூடிய தட்டொன்றை அவர் மேஜைமேல் வைத்து, “பாத்துட்டுப் போங்க சார்” என்றாள்.

மூடியைத் தூக்க எவ்வளவு நேரமாகும்? தயாளன் சார் தட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.  பயம்தான், வேறென்ன? “எட்டே முக்கால் வண்டி போயிடும்மா!” என்று குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். காலையில் தாம்பரத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு மின்சார ரயில் உண்டு.

ரத்தினபாய் மூடியைத் திறந்தாள். பஞ்சின் வாசனைகூடப் படாத வெறும் ஸ்பிரிட் வில்லையைச் சுற்றி, அச்சாக அதே வட்டம். மாநாட்டில் கைதட்டல் பலமாம்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். போன மாதம் நீங்கள் காய்ச்சிய கஷாயத்தில்தான் வீட்டில் அத்தனை பேருக்கும் சளி விட்டது என்று தெருவெல்லாம் சொன்னீர்களே! அதைக் குடிக்காமல் ஜன்னல் வழியே கொட்டிய உங்கள் மைத்துனருக்கும் அதே வியாழக்கிழமைதான் விட்டது. அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?