பணத்தைத் துச்சமாக மதித்த கீல்

பணத்துக்காகத் தொழில் நடத்தும் அற்பப் பிறவிகளும் இந்த உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதி என் பேனாவைக் கறைப்படுத்திக்கொள்ள நான் தயாராக இல்லை. நான் சொல்லப்போவது எங்கள் முதலாளி குடும்பத்தைப் பற்றி. பணம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் உயர்ந்த குடும்பம் அது. குறிப்பாக, அந்தச் சொல்லை நாங்கள் சொன்னால்.

எங்கள் நிறுவனம் கதவுக் கீல் செய்கிறது. நான் அங்கே மேனேஜர். எங்கள் கீலின் தனிச்சிறப்பு, அது கத்தும். மற்ற கம்பெனிக் கீல்கள் துருப்பிடித்துக் கிழடான பிறகுதான் கத்தக் கற்றுக்கொள்ளும். எங்கள் கீல் பெட்டியைப் பிரித்த அன்றே 'கிரீச்' என்று வாயைத் திறந்துவிடும். வாங்கியவர்கள் பாவம், எண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். எண்ணெய் குடித்த தெம்பில் அது இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்தும்.

"கதவுன்னா பேசணும்யா," என்பார் முதலாளி. "சத்தமில்லாம உள்ள வர்றவன் யாரு? ஒண்ணு திருடன், இல்லன்னா பூனை. நாம என்ன பூனைக்கா கீல் செய்றோம்?"

இந்த வாதத்தை யாராலும் மறுக்க முடியாது. மறுத்தவர்கள் இப்போது வேறு இடங்களில் வேலை பார்க்கிறார்கள்.

அலுவலகக் கூடத்தின் வாசல் கதவில் முதலாளி தம் கையாலேயே பொறுக்கி எடுத்த கீல்கள் மாட்டியிருந்தன. அந்தக் கதவு அவருக்கு மட்டும். காலையில் அது நீளமாக 'கிரீ...ச்' என்று இழுக்கும். கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் விருட்டென்று எழுந்து நிற்போம். அவர் வாசற்படியில் சற்று நேரம் நின்று, எங்களை ஒரு சுற்றுப் பார்த்து, மெல்லத் தலையாட்டிவிட்டுத் தம் அறைக்குள் போவார். அந்தத் தலையாட்டலில் ஒரு நிறைவு தெரியும். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவருக்கு வேறு வேலை இருக்காது.

மற்றவர்களெல்லாம் பட்டறைப் பக்கமிருந்து, கதவே வைக்காத ஓர் இடைவழியில் வந்துபோவோம். முதலாளியின் ஒரே மகளும் அந்த வழியில்தான் வருவார். வீட்டில் அவர் 'பாப்பா'. அதனால் நிறுவனத்தில் 'பாப்பா மேடம்'. பாப்பாவுக்கு நாற்பது தாண்டிக் காதோரம் நரைத்துவிட்டது. பட்டறை முழுவதும் அவர் தலையில்தான் ஓடியது. கையெல்லாம் கிரீஸோடு அவர் கூடத்துக்குள் வந்தால் நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். கதவில்லாத வழியில் வருகிறவருக்கு எழுந்து நிற்க, எங்கள் 'நடைமுறை விதிகளில்' இடமில்லை.

இப்படி இருக்கையில், தொழில் உலகத்தில் 'நோக்கம்' என்று ஒரு காய்ச்சல் பரவியது. எதற்காகத் தொழில் செய்கிறோம் என்று முதலாளிகளுக்கே தெரியாதாம். அதைக் கண்டுபிடித்துக் கொடுக்க ஆலோசகர்கள் கிளம்பிவிட்டார்கள். எங்களுக்கும் ஒருவர் வாய்த்தார். கன்னத்தில் மைக்கை ஒட்டவைத்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த எங்களிடம் அதில் பேசினார்.

"பணத்துக்கு அப்பால் என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

"சம்பள உயர்வு, சார்," என்றேன் நான்.

"பணத்தைத் தாண்டி வாங்க, மேனேஜர்."

"நாங்க இன்னும் பணத்துக்கே வந்து சேரலையே, சார்."

அவர் என்னைக் கடந்து முதலாளியின் தம்பியிடம் போனார். இவர் எங்கள் டைரக்டர்களில் ஒருவர். எல்லாருக்கும் சித்தப்பா.

"நீங்க எதுக்காகத் தினம் ஆபீஸ் வர்றீங்க?"

"வீட்ல இருந்தா காய் நறுக்கச் சொல்றாங்க," என்றார் சித்தப்பா, பளிச்சென்று.

ஆலோசகர் பலகையில் 'விடுதலை வேட்கை' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

முதலாளி எழுந்தார். "நான் காசுக்காகவா வர்றேன்? வீட்ல நான் உள்ள வந்தா ஒரு ஈ காக்கா திரும்பிப் பாக்கிறது கிடையாது. இங்கதான்..." என்று தொடங்கியவர், சட்டென்று இருமி, "சமுதாயத்துக்காக வர்றேன்," என்று முடித்தார். 'சமுதாயம்' பலகையில் ஏறியது.

அப்போதுதான் பாப்பா மேடம் ஒரு சின்ன மாதிரிக் கதவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துத் திறந்தார். நாங்கள் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவே இல்லை.

"புதுக் கீல்ப்பா. ஒரு ஆஸ்பத்திரியில கேக்குறாங்க. ராத்திரி நர்ஸ் உள்ள வர்றப்பல்லாம் நம்ம கீல் கத்தி, நோயாளிங்க முழிச்சுக்கிறாங்களாம். எல்லா வார்டுக்கும் இதையே மாட்டிக்கிறோம்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நாம சரின்னு சொல்லணும்."

ஆர்டர் எவ்வளவு என்று சித்தப்பா கேட்டார். மேடம் சொன்னார். திறந்த வாயைச் சித்தப்பா மூடவே இல்லை.

முதலாளி மட்டும் அசையவில்லை. "நர்ஸ் வந்தா நோயாளிக்குத் தெரிய வேண்டாமா? நம்மளைப் பாக்க ஒரு ஆள் வருதுன்னு தெரிஞ்சாலே பாதி நோய் ஓடிடும்."

"தூக்கம்தான்ப்பா ஓடுது."

"பாப்பா! இவ்வளவு நேரம் இவர் தொண்டைத் தண்ணி வத்தப் பேசினது எதுக்கு? நமக்குப் பணம் முக்கியமில்ல!"

ஆலோசகர் பரவசத்தில் கைதட்டினார். முதலாளி பேசி முடித்தால் தட்டும் பழக்கத்தில் நாங்களும் தட்டினோம்.

"மூணு வருஷம்ப்பா," என்றார் மேடம். "என் கையால அரம் வச்சு ராவி ராவிச் செஞ்சது. ஒரே ஒரு தடவை திறந்தாவது பாருங்களேன்."

முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்ததும் மேடம் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "இதுவும் நடக்கலன்னா நான் வேற எங்கயாவது வேலைக்குப் போயிடுவேன், மேனேஜர் சார். இங்க நான் இருக்கிறதே யாருக்கும் தெரியல." ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தபடியே தலையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை. டைப்பிஸ்ட் எழுந்து நின்று, முதலாளி எப்படித் தும்முவார் என்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"யோவ் மேனேஜர்!"

திரும்பினால், கூடத்தின் நட்டநடுவில் முதலாளி. டைப்பிஸ்டின் தும்மல் பாதியில் நின்றது. முதலாளி மூன்று தடவை வெளியே போய் மூன்று தடவை உள்ளே வந்தாராம். வாசல் காவலாளி பிற்பாடு சொன்னார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறேன் தெரியுமாய்யா?"

"சத்தமே கேக்கலையே, சார்!"

முதலாளி பார்வையாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. "அப்போ இத்தனை வருஷமா நீங்க எனக்கு எழுந்து நிக்கலையா? கதவுக்கா நின்னீங்க?"

இதற்குப் பதில் சொல்வது மேனேஜரின் கடமை. "கதவும் உங்களோடதுதானே, சார்," என்றேன். என் பணிக்காலத்திலேயே மிகச் சிறந்த பதில் அது. ஆனாலும் பலிக்கவில்லை.

இடைவழியில் பாப்பா மேடம் திருப்புளியோடு நின்றுகொண்டிருந்தார். முதலாளி அந்தத் திருப்புளியைப் பார்த்தார். எழுந்து போய், புதுக் கீல் மாட்டியிருந்த வாசல் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கே, பாப்பா," என்றார். குரல் உடைந்திருந்தது. "நான் வந்தது எனக்கே தெரியல."

"அப்பா, நான் உங்களை..."

"ஆஸ்பத்திரிக்குச் சரின்னு சொல்லிடு. இனிமே என் நாற்காலியையும் நீயே பாத்துக்க."

அதே கதவு வழியாக அவர் வெளியே போனார். போன சத்தமும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இப்போது நோயாளிகள் நிம்மதியாகத் தூங்குகிறார்களாம். பணமும், யாரும் அழைக்காமலே, வந்து குவிகிறது. பாப்பா மேடம் இப்போது முதலாளி மேடம். பொறுப்பேற்ற அன்று அவர் போட்ட முதல் உத்தரவு ஃபிட்டருக்கு.

"வாசல் கதவுல இருந்த பழைய கீல் எங்க?"

"குப்பையில போட்டாச்சு, மேடம்."

"தேடி எடுத்துட்டு வந்து திரும்ப மாட்டுங்க."

எனக்குத் தலை சுற்றியது. "மேடம், உங்க கீல் ஒரு பொட்டுச் சத்தம் போடாதே! அதைக் கழட்டிட்டா..."

"அது விக்கிறதுக்கு, மேனேஜர் சார்."

மறுநாள் காலை கதவு நீளமாக 'கிரீ...ச்' என்று இழுத்தது. நாங்கள் விருட்டென்று எழுந்தோம். மேடம் வாசற்படியில் நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்பாவைவிடக் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெல்லத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

ஆகவே மீண்டும் அடித்துச் சொல்கிறேன்: எங்கள் முதலாளி குடும்பத்தில் பணத்துக்காக அலுவலகம் வருகிறவர் ஒருவரும் கிடையாது. அந்த ஈனக் காரியத்துக்காக வருகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். அதனால்தான் எழுந்து நிற்கிறோம்.