வடத்தின் மேல் உட்கார்ந்த மச்சானுக்கு

வடத்தை நான் அறுக்கவில்லை மச்சான். அரிவாளும் கொண்டுபோகவில்லை, அறுக்கவும் இல்லை. நீர் எழுதியிருக்கிறீரே, "கயிற்றை வெட்டிவிட்டுப் பழியை என் பின்பக்கத்தின் மேல் போடுகிறீர், இப்படிப்பட்ட ஆள் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்" என்று, அந்தப் பின்பக்கத்தைப் பற்றித்தான் இப்போது பேசப்போகிறேன்.

இரும், நான் சொல்லச் சொல்ல எழுதுகிற வாத்தியார் பேனாவை நிறுத்திவிட்டார். எடுத்த எடுப்பில் சண்டை போட்டால் அது கடிதம் இல்லையாம், மரியாதை முதலில் வரவேண்டுமாம். நான் மூன்றாங் கிளாஸோடு மாடு மேய்க்கப் போனவன். ஞானரத்தினம் வாத்தியார் மிஷன் பள்ளிக்கூடத்தில் பெரிய கிளாஸுக்குப் பாடம் நடத்துகிறவர். ஆகவே அவர் இஷ்டப்படி:

விஜய வருஷம் ஐப்பசி மாதம் 26ந் தேதி. குருவிகுளத்தில் க்ஷேமமாய் இருக்கும் மகாராஜராஜஸ்ரீ மச்சான் சண்முகையா அவர்கள் சமூகத்துக்குப் பெருமாள்சாமி கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உம்முடைய தங்கை சங்கரம்மாளும், மணப்பெண் கோமதித்தாயும், கறவை மாடு இரண்டும் சுகம். உம்முடைய சுகத்தையும், கோபம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் தெரிவிக்கவும்.

ஆறு மறுபடி பெருகிக் கிடப்பதால் உம்முடைய கடிதத்தைத் தபால்காரர் அக்கரையில் நின்று கல்லில் கட்டி எறிந்தார். அது நேரே வந்து உம்முடைய தங்கச்சி வைத்திருந்த மோர்ச் செம்பில் விழுந்தது. காயவைத்து வாத்தியாரை வாசிக்கச் சொன்னால், கதவுக்குப் பின்னால் கோமதித்தாய் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். "மாமா வந்து மாலை எடுத்துத் தராம நான் மணையில உக்கார மாட்டேன்பா. நீங்களாச்சு உங்க வாயாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள்தான், ரெண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. கார்த்திகை ஆறாந் தேதி முகூர்த்தம். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்கிறேன்.

அன்றைக்கு நிச்சயதாம்பூலம் அக்கரையில், மாப்பிள்ளை ஊரில். நீர் முதல்நாளே இங்கே வந்துவிட்டீர். நம்ம ஊர் ஆறு, வருஷத்தில் பத்து மாதம் ஆடு மேய்கிற ஆறு. அதை நம்பித்தான் ஊரில் ஒருவரும் ஆற்று நீச்சல் பழகவில்லை. மலையில் பேய்மழை பெய்து, விடிந்து பார்த்தால் கரைக்குக் கரை செந்தண்ணி. நல்ல நேரம் தப்பினால் சம்பந்தி வீட்டார் சகுனம் சரியில்லை என்பார்களே என்று உம்முடைய தங்கச்சி அழுதாள். ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன தார் டிரம் ஆறு கிடந்தது. அதன் மேல் ரெண்டு கயிற்றுக் கட்டிலைச் சேர்த்துக் கட்டி, மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற என் கமலை வடத்தைக் கட்டில் காலில் முடிந்து, மறுமுனையைக் கரையில் நிற்கும் பனையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பத்துப் பேர் பிடித்துக்கொள்வது, துடுப்புக்கு ஆளுக்கொரு பனமட்டை, இப்படி யோசனை சொன்னது யார்? நான்தான். அதை மறுக்கவில்லை.

தெப்பத்தில் நாலு பேர். பெண்ணுக்கு அப்பனாகிய நான், தாய்மாமனாகிய நீர், சித்தப்பனாகிய என் தம்பி தங்கப்பழம், லக்கினப் பத்திரிகை எழுத வாத்தியார். இதில் நீரும் தங்கப்பழமும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த இடத்தில் உம்முடைய காளைக்கு ஒரு கண் சாய்வு என்று அவன் சொல்லிவிட்டான். சாய்வுதான் மச்சான். நான் சொல்லவில்லை, கண்ணாடி காட்டினால் காளையே ஒத்துக்கொள்ளும். ஆனால் கட்டிலுக்கு உங்கள் சண்டை தெரியுமா? நாலு பேரில் சரிக்குச் சரி கனமான ஆள் நீங்கள் ரெண்டு பேர்தான். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்தால்தான் தெப்பம் நேராக நின்றது. ஒருவர் நகர்ந்தால் மற்றவரும் நகரவேண்டும். நகருவதைச் சொல்லவேண்டும். சொல்லுவதற்குத்தான் பேச்சுவார்த்தை இல்லையே!

"வாத்தியாரே, அந்த ஆளைக் கொஞ்சம் வெளிய தள்ளி உக்காரச் சொல்லும்" என்றீர்.

"வாத்தியாரே, அந்த ஆளு காலையில எத்தனை உருண்டை களி தின்னாருன்னு கேட்டுச் சொல்லும். அதுக்குத் தக்கன தள்ளுதேன்" என்றான் அவன்.

வாத்தியார் பாவம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பித் தாக்கல் சொல்லி, ஒரு சுழியைப் பார்த்ததும் "ஏசுவே" என்று கண்ணை மூடிக்கொண்டார். (மூடவில்லை என்கிறார். எழுதும் வே, மூடினீர்.)

நடு ஆத்துல ஒரு பாறை கிடக்குல்லா, அதுல முட்டித் தெப்பம் நின்னுட்டு. ரெண்டு பக்கமும் தண்ணி நுரையைக் கக்கிக்கிட்டுச் சீறுது. கரையில பத்துப் பேரும் "இழுக்கவா, விடவா"ன்னு கத்துதானுவ. வடம் விறைச்சு நிக்கி. அப்பதான் மச்சான், நீர் அந்தக் காரியத்தைச் செஞ்சீர். உம்ம மேல தப்பு இல்ல. நாப்பது வருஷம் கமலை இறைச்ச உடம்பு. மாடு சரிவுல இறங்கும்போது வடத்து மேல ஏறி உக்காந்தா பாரம் சேந்து தண்ணிச் சால் மேல வரும், நமக்குத் தெரிஞ்ச வித்தையே அது ஒண்ணுதான். விறைச்ச வடத்தைக் கண்டதும் உம்ம உடம்பு கிணத்து மேட்டுல நிக்கிறதா நெனச்சிட்டு. "ஹேய்! இந்தா, போ!" என்று ஆத்தைப் பாத்து அதட்டிக்கிட்டே குதிச்சு வடத்து மேல உக்காந்தீர். ஆறு என்ன, மாடா? பட்டுன்னு அறுந்துட்டு.

நீர் தண்ணிக்குள்ள. மேல தெரிஞ்சது குடுமி மட்டும். அதைப் பாய்ஞ்சு பிடிச்சது யாரு மச்சான்?

"அத்தான், காலை உதையும்! காலை உதையும் அத்தான்!" ஒன்பது வருஷம் கழித்து அவன் உம்மிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"ஏலே தங்கம், விட்ராதலே!" இது நீர்.

"எப்படி விடுவேன்? உம்மை விட்டா தெப்பம் கவுந்துருமே!"

உம்மை மேலே இழுத்துப் போட்டபிறகு அரை மைல் தூரம் ஆறு நம்மைக் கொண்டுபோனது, நாமாகப் போகவில்லை. பாறைக்குப் பாறை தூக்கிப் போட்டது. உமக்கு வேறு பாஷை தெரியாததால் ஏர் மாட்டை ஓட்டுகிற மாதிரி "இடத்தே! வலத்தே!" என்று கத்தினீர். கத்தக் கத்த நாலு மட்டையும் ஒன்றுபோல விழுந்தது. பயத்தில்தான் கூச்சல் போட ஆரம்பித்தோம். எந்த வளைவில் அது சிரிப்பாக மாறியது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. வாத்தியார் தம்முடைய வேதக்கோவில் பாட்டைப் பாட, நீர் "முருகா"வென்று பின்பாட்டுப் பாட, அக்கரை மணல் திட்டில் ஏறி நின்றோம். தாம்பூலத் தட்டில் ஒரு வெற்றிலை இல்லை, ஒரு கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மாள் மீன் நல்ல சகுனம் என்று வாங்கிக்கொண்டாள்.

சுக்குக் காப்பி கொடுத்தார்கள். நீங்கள் ரெண்டு பேரும் பிடித்த கையை அப்போதும் விடவில்லை. லோட்டாவில் அவன் பாதி குடித்து உம்மிடம் நீட்டினான். நீர் துடைக்காமல் வாங்கிக் குடித்தீர். நான் பார்த்தேன் மச்சான். என் முகத்தில் வடிந்தது தலைத் தண்ணியா கண்ணுத் தண்ணியா என்று கேட்காதீர்.

ஆறு வடிகிற வரை அக்கரையில் இருந்தோமே, அப்போது சங்கரன்கோவில் சந்தையில் நீர் வடத்தில் உட்கார்ந்த கதையை நாலு பேரிடம் சொன்னது என் தப்பு. அந்த நாலு பேரும் குருவிகுளத்துக்காரர்கள் என்று எனக்குத் தெரியாது. (தெரியும்.) உம்மைப் பார்த்துப் பிள்ளைகள் "ஹேய், இந்தா போ" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர். மன்னித்துக்கொள்ளும். என் மேல் உள்ள கோபத்தை என்னிடம் காட்டும், கோமதித்தாயிடம் காட்டாதீர். பிறந்த அன்றைக்கு அவளை முதலில் ஏந்தின கை உம்முடையது.

சங்கரநாராயண சுவாமியும் கோமதியம்மாளும் உமக்கு நீண்ட ஆயுளும், உம் தொழுவத்துக்குக் கன்றுகாலியும், உம் காட்டுக்கு அளவான மழையும் தரவேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம். கடைசியாக, அன்றைக்கு அந்த வடத்தை நான் தொடவே இல்லை என்பது சத்தியம், இதற்குச் சாட்சியாக வாத்தியாரும் இதன் கீழே கையெழுத்து

பி.கு. வாத்தியாரு எந்திச்சுப் போயிட்டாரு. பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னு அவுக வேதத்துல இருக்காம். பேனாவையும் கொண்டுட்டுப் போயிட்டாரு. இது பென்சிலு, என் கை. நானும் உக்காந்தேன் மச்சான். உமக்குப் பின்னாலயே. நீரு உக்காந்ததப் பாத்ததும் என் உடம்பும் கேக்கல. ரெண்டு பேரு பாரத்துலதான் அறுந்துச்சு. நான் கட்டில் ஓரமா இருந்ததால விழல, அவ்வளவுதான். சந்தையில இத மட்டும் சொல்லல.

தபால் பெட்டி அக்கரையில. கடுதாசிய நானே கொண்டுபோறேன்னு தங்கப்பழம் நிக்கான். யாரும் போகச் சொல்லல. தெப்பத்துல நீரு உக்காந்த பக்கத்துப் பாரத்துக்குப் பருத்திக்கொட்டை மூட்டைய ஏத்திட்டான். இங்கன மழை விடல. இத நீரு வாசிக்கும்போது அவன் உம்ம வாசல்ல நனைஞ்சு நிப்பான். மொதல்ல துண்டு குடும்.

வரும்போது அந்த மூட்டைய அங்கயே விட்டுட்டு வாங்க.