தபால்காரன் வாய் திறக்காத நாலு பக்கம்

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்வின் ஒரு சட்டம் போட்டார்.

"இந்த ஊட்டுல யாரும் அந்தப் படத்தப் பாக்கக் கூடாது. சொல்லிப்போட்டேன்."

இந்த ஊடு என்றால் மொத்தமே ரெண்டு பேர். அவரும் மனைவி ஜெஸ்லினும். மகள் ஆஷ்லின் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஆக, சட்டம் ஜெஸ்லின் ஒருத்திக்குத்தான். அவளோ எந்தப் படத்துக்கும் போகணும் என்று கேட்கவே இல்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் படமுங்க?"

"மங்காப் படம்."

"மாங்காப் படமா?"

"மாங்கா இல்ல, மங்கா! ஜப்பான் படக்கதை. அதை இப்ப ஆளுங்கள வச்சுப் படமா எடுத்துருக்கானுங்க. பத்தொம்பது வருசமாச் சொல்றேன், மங்கா, மங்கான்னு!"

"மெதுவாப் பேசுங்க. பக்கத்தூட்டுக் கமலாக்கா காதுல உழுந்தா, மங்கா யாரோ என்னமோன்னு நெனைச்சுக்கும்."

எல்வின் ஏற்காட்டில் கரடியூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர்; தினம் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வருகைக் கணக்கு எழுதுகிற வேலை. வேலை நேரத்தில் மொத்தம் நாற்பது வார்த்தை பேசுவார். அதில் முப்பது, ஆட்களின் பெயர். வீட்டில் அந்த மீதிப் பத்தும் சந்தேகம். அவர் வாய் நிறையப் பேசுவது அந்தப் படக்கதையைப் பற்றி மட்டும்தான்.

பனிமலையில் கடிதம் கொண்டுபோகும் ஒரு தபால்காரனின் கதை அது. இருபத்திரண்டு புத்தகங்கள். ஏற்காட்டை விட்டுப் போன ஒரு பள்ளிக்கூட வாத்தியார் முதல் மூன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். மீதியை எல்வின் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் வரவழைத்தார். வலது பக்கம் தொடங்கி இடது பக்கமாகப் படிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஜெஸ்லின் எட்டிப் பார்த்து, "பொஸ்தகத்தத் திருப்பிப் புடிச்சிருக்கீங்க" என்றாள். அவள் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். இவளுக்கும் இதற்கும் ஒத்துவராது என்று எல்வின் அன்றைக்கே முடிவு கட்டி, புத்தகங்களைப் பீரோவின் மேல்தட்டில் ஏற்றிவிட்டார்.

படத்தின் மேல் அவருக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. பயம். அந்தத் தபால்காரனுக்கு ஒரு குரல் உண்டு. புத்தகத்தில் கேட்காது, எல்வினின் மண்டைக்குள் கேட்கும். மஞ்சு மூட்டம் இறங்கிய காபித் தோட்டத்தில் தனியாக நடக்கும்போது பல தடவை அது தன் குரலேதானோ என்றுகூட இருந்திருக்கிறது. யாரோ ஒரு நடிகன் வந்து வாய் திறந்தால் அது போய்விடும். போனால் திரும்ப வராது.

சட்டம் மூன்று நாள் தாங்கியது. வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு யோசனை வந்தது. கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்காமல் எப்படித் திட்டுவது? சேலத்தில் ஒரே ஒரு தியேட்டரில், ஒரே ஒரு காட்சி, பதினோரு மணிக்கு. சனிக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு நின்றார்.

"பெரிய ஆபீசுல கூப்புட்டிருக்காங்க. என்ன ஏதுன்னு சொல்லல. மழ புடிக்கறதுக்குள்ள வந்துருவேன்."

"போய்ட்டு வாங்க" என்றாள் ஜெஸ்லின். வேறு ஒரு கேள்வி இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் எல்வினுக்குத் தன் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

தியேட்டரில் மொத்தம் பதினோரு பேர். படம் தொடங்கியது. தபால்காரனாக வந்தவனுக்கு மூக்கு சரியில்லை. பை தப்பான தோளில் தொங்கியது. போதாக்குறைக்கு டப்பிங். ஜப்பான் பனிமலையில் நின்றுகொண்டு, "இன்னாம்மா, லெட்டர் வந்துகீது" என்றான். எல்வின் கண்ணை மூடிக்கொண்டார். பத்தொன்பது வருசம் பாடுபட்டு வளர்த்த குரல்!

பிறகு அந்த இடம் வந்தது. மகன் செத்துப்போன செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாயின் கதவுக்கு முன்னால் தபால்காரன் நிற்கிறான். தட்ட வேண்டும். தட்டவில்லை. புத்தகத்தில் பேச்சே கிடையாது, பனி மட்டும் விழும். எல்வின் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். ஆண்டவரே, இங்கே மட்டும் இவன் வாயைத் திறக்கக் கூடாது.

"பொஸ்தகத்துல நாலு பக்கம் பேச மாட்டான்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது. "இங்க என்ன பண்றான்னு பாப்பம்."

எல்வின் திரும்பினார். ஜெஸ்லின். பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் நீலப் புடவை, கையில் பாப்கார்ன்.

"திரும்பிப் படத்தப் பாருங்க. போயிரப் போவுது."

அவன் பேசவில்லை. பனி விழுந்துகொண்டே இருந்தது. அவன் மூச்சு மட்டும் புகையாகப் போய் வந்தது. அந்த மூக்குச் சரியில்லாதவன் மெல்லத் தொப்பியைக் கழற்றினான். எல்வினுக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரு கைக்குட்டை தோளின் மேல் வந்து விழுந்தது.

படம் முடிந்ததும் வெளியே ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு நின்றார்கள். எல்வின் கையிலிருந்தது அப்படியே இருந்தது.

"எப்ப இருந்து படிக்கற?"

"கல்யாணமாயி ரெண்டாவது மாசத்துல இருந்துங்க."

"எதுக்கு?"

ஜெஸ்லின் வாயில் இருந்ததை மென்று முடித்தாள். "நீங்க எங்கூடப் பேசுனீங்களா? காலைல 'வர்றேன்', சாயந்திரம் 'வந்துட்டேன்'. இந்த மனுசன் மனசுல என்ன இருக்குதுன்னு யாரப் போயிக் கேக்கறது? உங்கம்மாவக் கேட்டேன். அவன் அப்பிடித்தான் கண்ணுன்னாங்க. நீங்க ஆசையா உத்துப் பாக்கறது அந்தப் பொஸ்தகம் ஒண்ணத்தான். சரி, அதுக்குள்ளாற எங்கியாச்சும் இருப்பீங்கன்னு தொறந்தேன்."

"இருந்தனா?"

"நாலாவதுல இருந்தீங்க. பொண்டாட்டிக்கு நொம்பக் காய்ச்சல். எப்பிடி இருக்குதுன்னு கேக்க அவனுக்கு வாய் வராது. வெந்நி வெச்சுக் கொண்டாந்து வெச்சுட்டு வாசல்ல போயி நின்னுக்குவான். ஆஷ்லின் பொறந்தப்ப நீங்க ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னீங்களே, உள்ள வராம. எங்கக்கா கண்டபடி திட்டுனா. நான் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் தெரியுமே."

வண்டிக்காரர் இன்னொரு செட் வேணுமா என்று ரெண்டு தடவை கேட்டது எல்வின் காதில் ஏறவில்லை.

"அப்பறம் எதுக்கு இத்தன வருசமா மாங்கா மாங்கான்னு..."

"உங்களுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். உங்களுதாவே இருக்கட்டும்னு உட்டுட்டனுங்க."

பஸ் கிளம்பி முதல் வளைவு ஏறிய பிறகுதான் எல்வினுக்கு முக்கியமான கேள்வி ஞாபகம் வந்தது.

"இன்னிக்கு நான் இங்க வருவேன்னு எப்பிடிக் கண்டுபுடிச்ச?"

"பன்னண்டாவது பொஸ்தகத்துல கூத்துப் பாக்கப் போறதுக்கு அவன் பொண்டாட்டிகிட்ட என்ன பொய் சொன்னானுங்க?"

எல்வின் யோசித்தார். முகம் மெல்ல வெளுத்தது.

"பெரிய ஆபீசுல கூப்புட்டிருக்காங்க. என்ன ஏதுன்னு சொல்லல. பனி புடிக்கறதுக்குள்ள வந்துருவேன்" என்று ஜெஸ்லினே ஒப்பித்தாள். "பனிய மழையா மாத்துனது மட்டுந்தான் உங்க சொந்தச் சரக்கு."

ரெண்டு வளைவு தாண்டியது. எல்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஏற்காட்டு பஸ்ஸில், நாலு பேர் பார்க்க, இது அவருக்குப் பெரிய காரியம்.

"இனிமே உங்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன், ஜெஸ்லின்."

"மறைச்சுக்குங்க, பரவால்ல. அடுத்த வாட்டி நீங்களா யோசிச்ச பொய்யாச் சொல்லுங்க. படிச்சதையே திரும்பக் கேக்க சலிப்பா இருக்குது."

இருபது வளைவும் முடிந்து ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் நிற்கும்வரை எல்வின் யோசித்துப் பார்த்தார். ஒன்றுகூட வரவில்லை.