படியேறியும் இறங்காத எடை

அன்புள்ள தம்பிக்கு, அண்ணன் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அண்ணி, என் எடை மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கு நீயும் உன் நோயாளிகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. போன முறை வந்தபோது நீ டாக்டராக ஒரு தீர்ப்புச் சொன்னாய்: இனி லிப்டைத் தொடக்கூடாது, நாலாம் மாடிக்குப் படியில்தான் ஏறி இறங்க வேண்டும், எடை குறையாவிட்டால் முழங்கால் போய்விடும், பிறகு இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு உன் கண்பார்வையில் ஒரு தரைத்தள வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று. நேற்று எடைக்கருவியில் ஏறி நின்றேன். கூடியிருக்கிறது. அதற்கு நான் பொறுப்பல்ல என்று விளக்கவே இக்கடிதம்.

நீ ஊருக்குப் போன மறுநாளே பால் வாங்கப் படியில் கிளம்பினேன். மூன்றாம் மாடியில் செருப்பு வார் அறுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே குடியிருக்கும் தையல்காரம்மா கதவைத் திறந்து, "ஐயோ, என்னங்க இப்படி மூச்சு வாங்குது? உள்ள வந்து உக்காருங்க" என்றார். உட்கார்ந்தால் சும்மா விடுவார்களா? பிஸ்கட்டும் சர்க்கரை தூக்கலாகக் காப்பியும் வந்தன. சேதி எனக்கு முன்பே படியிறங்கிப் போய்விட்டது போலிருக்கிறது. இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் வழிமறித்து, "மேல் வீட்ல சாப்பிடுவீங்க, எங்க வீடு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேக்கை நீட்டினார். மறுத்தால் மனுஷன் மனசு என்ன பாடுபடும்? முதல் மாடியில் புதுசாகக் கல்யாணமான ஜோடி, இருவருமே இப்போதுதான் சமைக்கப் பழகுகிறார்கள். "அங்கிள், உப்பு சரியா இருக்கானு பாருங்க" என்றால், உப்பு ஒரு கரண்டியிலேயே தெரிந்துவிடுமா? தினமும் இதே கதைதான்.

ஒண்ணு சொல்லணும்டா தம்பி. இத்தனை வருஷமா லிப்ட்லதான் போனேன். உள்ளே நாலு பேர் நின்னாலும் எல்லாரும் மாடி நம்பரையே பாத்துக்கிட்டு நிப்போம். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் என்கிட்ட வாய் திறந்தது உன் அண்ணி மட்டும்தான், அதுவும் திட்டறதுக்கு. இப்போ ஒருநாள் நான் போகலைன்னா ரயில் டிரைவர் படியில நின்னு, "எங்க சார் ஆளையே காணோம்?"னு கத்தறார். தரைத்தள வீட்டுல எனக்கு ஏறப் படியும் இருக்காது, நின்னு பேச அடுத்த வீட்டு வாசலும் இருக்காது. என்னை இங்கேருந்து பெயர்த்துக்கிட்டுப் போயிடாதேடா.

குழந்தைகளுக்கு முத்தங்கள். உன் மனைவிக்கு ஆசிகள். எடை விஷயம் உன் அண்ணிக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
படியேறச் சளைக்காத உன் அண்ணன்

பின்குறிப்பு: தம்பி, இது அண்ணி. தபால்ல சேர்க்கச் சொல்லிக் குடுத்தார், பிரிச்சுப் படிச்சுட்டேன். உங்க அண்ணன் படியில இறங்கறதோட சரி. ஏறி வர்றதெல்லாம் லிப்ட்லதான். அது வந்து நிக்கற சத்தம் எனக்கு அடுப்படியில கேக்கும். அப்புறம் வாசல்ல நின்னு கொஞ்சநேரம் வேணும்னே மூச்சு வாங்கிட்டுத்தான் மணியடிப்பார். ஆனா போன வாரம் அவர் காய்ச்சல்ல படுத்தப்போ அந்த மூணு வீட்டுக்காரங்களும் படியேறி வந்து பாத்துட்டுப் போனாங்க. அதனால தரைத்தள வீடெல்லாம் பாக்க வேண்டாம். இனிமே லிப்ட்ல வந்தார்னா நான் கதவைத் திறக்க மாட்டேன், அவ்வளவுதான்.