மறுபடி முளைத்த பித்தப்பை

"உங்க பித்தப்பையில கல்லு இருக்கு," என்றார் டாக்டர் ஹகோப்பியன். பிறகு கணினித் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ஆனா ரூபெர்த்தோ, உங்களுக்குத்தான் பித்தப்பையே இல்லையே. போன வருஷம் இங்கதானே எடுத்தோம்."

கட்டிலில் படுத்திருந்த எலிசேயோ தன் மனைவி டொமித்திலாவைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

ரூபெர்த்தோ அவருடைய பெயர் அல்ல, மச்சானின் பெயர்.

எலிசேயோ கலிபோர்னியாவில் செல்மா ஊருக்குப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் இருபது வருடமாகப் பழம் பறிக்கிறவர். எல்லை தாண்டி வந்த நாளிலிருந்து கையில் குடியேற்றப் பேப்பர் கிடையாது. பேப்பர் இல்லாதவர்களுக்கும் இனி அரசாங்க மருத்துவக் காப்பீடு உண்டு என்று கலிபோர்னியா அரசு ரேடியோவில் ஓயாமல் சொன்னது. "நானே போய் விலாசத்தை எழுதிக் குடுத்து, இமிக்ரேஷன்காரனுக்கு வழி சொல்லணுமா?" என்று எலிசேயோ மறுத்துவிட்டார்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் கொடிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்த அன்று, டொமித்திலா தன் அண்ணன் ரூபெர்த்தோவிடம் ஓடினாள். குடும்பத்திலேயே பேப்பர் உள்ள ஒரே ஆள் அவர்தான். விருந்து என்றால் நடு நாற்காலியில் உட்கார்ந்து, "நான் சட்டப்படி வந்தவன்," என்று ஒரு தடவையாவது சொல்லாமல் கை கழுவ மாட்டார்.

"மாப்ள, என் கார்டைக் கொண்டு போ. நீதான் நான்னு சொல்லிக்க. கூனிக் குறுகாம பேப்பர் உள்ளவன் மாதிரி நிமிர்ந்து நட," என்று காப்பீட்டு அட்டையை நீட்டினார். என்ன வலி என்று அவர் கேட்கவில்லை. தன் வயிற்றைக் கிழித்துத் தைத்த கதையையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது டாக்டர் பதிலுக்குக் காத்திருந்தார்.

"மறுபடி வளர்ந்திருக்கும் டாக்டர்," என்றார் எலிசேயோ.

"பித்தப்பை என்ன திராட்சைக் கொடியா, வெட்ட வெட்டத் துளிர்க்க?"

"எங்க குடும்பத்துல நகம்கூட வேகமா வளரும்."

"ஆபரேஷன் தழும்பு எங்க?"

"வெயில்ல கருத்து மறைஞ்சுபோச்சு."

"போன வருஷம் நீங்க அஞ்சடி பத்து அங்குலம். இப்ப அஞ்சடி நாலு."

டொமித்திலா உதவிக்கு வந்தாள். "கவலை டாக்டர். கவலையில மனுஷன் குறுகிட்டாரு."

உலகம் காணாத அதிசயம் தன் கையில் சிக்கியதுபோல டாக்டரின் முகம் மெல்ல மலர்ந்தது. வெளியே போய் இரண்டு டாக்டர்களோடு வந்தார். அவர்கள் பின்னாலேயே மருத்துவ மாணவர்கள் ஒரு கூட்டமாக நுழைந்தார்கள். வரிசையாக எல்லோரும் வயிற்றை அமுக்கினார்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் எலிசேயோவின் உயிர் போய் வந்தது.

"பார்த்தது போதும், எடுத்துடுங்க," என்று முனகினார்.

"ரெக்கார்டுல இல்லாத உறுப்பை நான் எப்படி எடுக்கிறது?" என்றார் அறுவை சிகிச்சை டாக்டர். "கம்ப்யூட்டரே ஒத்துக்காது."

காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. சீழ் பிடித்திருக்கலாம் என்றார்கள். நர்ஸ் ஊசியோடு வந்தாள்.

"அது என்ன மருந்தும்மா?" என்றாள் டொமித்திலா.

"பென்சிலின். இவருக்கு ஒத்துக்கும்னு ரெக்கார்டுல இருக்கு."

டொமித்திலாவின் முகம் வெளுத்தது. முன்பு ஒருமுறை ஒரே ஒரு பென்சிலின் மாத்திரையில் எலிசேயோவுக்குத் தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, பிழைப்பாரா என்று அவள் தவித்தது நினைவுக்கு வந்தது.

"யோவ், சொல்லுய்யா. அண்ணன் பேருக்காக நீ சாகப் போறியா?"

எலிசேயோ கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கட்டிலைவிட்டு இறங்கினார். ஆஸ்பத்திரி அங்கி பின்னால் முழுதும் திறந்து கிடந்தது. அதை அவர் சட்டை செய்யவில்லை.

"ரூபெர்த்தோ என் மச்சான். என் பேர் எலிசேயோ. எங்கிட்ட பேப்பர் இல்ல. இந்தப் பித்தப்பையும் உங்க பேப்பர்ல இல்ல. ஆனா நாங்க ரெண்டு பேரும் இங்கதான் இருக்கோம், ரெண்டு பேருக்கும் வலிக்குது. இருபது வருஷமா நான் பறிச்ச பழத்தைத் தின்னப்ப எவனும் பேப்பர் கேக்கல. போலீஸைக் கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள கல்லை எடுத்துடுங்க. எடுக்காம நான் இங்கேருந்து நகர்றதா இல்ல."

நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தாள்.

"அப்ப வளரலையா?" என்றார் டாக்டர் ஹகோப்பியன். பாவம், குரல் உடைந்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பதிவு கவுன்ட்டரிலிருந்து யெசேனியா வந்தாள். "போலீஸ் எதுக்குண்ணே? உங்க சொந்தப் பேர்லயே இப்பவே பதிஞ்சுடலாம். பேப்பர் இல்லாதவங்களுக்குத்தானே இந்தத் திட்டமே."

எலிசேயோ சொந்தப் பெயரை, நெஞ்சை நிமிர்த்தி, எழுத்து எழுத்தாகச் சொன்னார். வேறு மருந்து வந்தது. ஆபரேஷனுக்கும் ஏற்பாடு ஆனது. மறுபடி படுத்த பிறகுதான் அவருக்கு மச்சான் ஞாபகம் வந்தது.

"மச்சான் கார்டை நான் தூக்கிட்டு வந்தது வெளிய தெரிய வேணாம்மா. சட்டப்படி வந்த மனுஷன், என்னால அவர் மானம் போயிடக் கூடாது."

யெசேனியா அவருடைய போர்வையைச் சரிசெய்தாள்.

"யாரு, ரூபெர்த்தோ அண்ணனா? போன வருஷம் அவரும் இதே அங்கியில நின்னு, 'எங்கிட்ட பேப்பர் இல்ல, போலீஸைக் கூப்பிடு'ன்னு கத்தித்தானே அந்தக் கார்டையே வாங்கினாரு."