சனி பிடித்த கிராபிக்ஸ் கார்டு

ரவுண்ட் ராக் ஊரின் கம்யூனிட்டி ஹாலில் நிற்க இடமில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் இன்ஜினியர்கள். மடியில் ஆளுக்கொரு கிராபிக்ஸ் கார்டு, தடுப்பூசிக்குக் கொண்டுவந்த கைக்குழந்தை மாதிரி. மேடையில் கோபாலசாமிஜி. போன வருடம் வரை வீடு விற்றவர். இப்போது கம்ப்யூட்டர் கேமில் படம் திக்கினால் கார்டுக்குத் தோஷம் கழிக்கிறார்.

மேடைக் கம்ப்யூட்டரில் டிராகன் சண்டை ஓடியது. நொடிக்கு எத்தனை படம் என்று திரை மூலையில் ஓர் எண்: 41.

"கண்ணை மூடி, மௌனமா இருபத்தொரு மூச்சு விடுங்க."

அந்தக் கம்ப்யூட்டரின் கார்டில் ஒரு செப்புத் தகட்டை ஒட்டினார். கண் திறந்தால் 92! கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

முதல் வரிசையில் மாரிசாமி. ஒரு வருடம் ஆசைப்பட்டு வாங்கிய கார்டை நீட்டினார். ஸ்வாமிஜி அதை முகர்ந்து பார்த்தார். ஆமாம், முகர்ந்து!

"இதுல சனி உக்காந்துட்டான். இங்கயே விட்டுடுங்க, லேக்ல கரைச்சுடறேன். புதுசு வாங்கித் தகடு ஒட்டுங்க."

மாரிசாமி கார்டை ஒருமுறை தடவிப் பார்த்தார். ஆனாலும் கொடுக்கப் போனார். மனைவி புஷ்பவல்லி அவர் கையைப் பிடித்தாள். அவளுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, சந்தேகப்படத்தான் சம்பளம்.

"ஜி, அந்தத் தகட்டை எடுத்துட்டு ஒருதடவை ரன் பண்ணலாமா?"

"சக்தி போயிடும்மா!"

"போகட்டும். நம்பர் குறையுதான்னு பாப்போம்."

மேடையேறித் தகட்டைப் பிய்த்தாள். அப்போதும் 92.

"சக்தி கொஞ்ச நேரம் தங்கும்..." ஸ்வாமிஜிக்கு வியர்த்தது.

தகட்டைத் திரும்ப ஒட்டிவிட்டு செட்டிங்ஸைத் திறந்தாள். எல்லாம் 'லோ'வில் கிடந்தது. 'அல்ட்ரா'வுக்கு ஏற்றினாள். டிராகனுக்குச் செதிலும் நிழலும் திரும்ப வந்தன. எண் 41.

"படத்தோட தரத்தைக் குறைச்சா வேகம் கூடும். இதுல சனி எங்க வந்தான்?"

செதில் காணாமல் போனதை அத்தனை இன்ஜினியர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. எண்ணைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இதுவரை லேக்ல கரைச்ச கார்டெல்லாம்?" என்று ஒருவர் கத்தினார். ஸ்வாமிஜியின் கண் பார்க்கிங் பக்கம் போனது. கூட்டம் அங்கே ஓடியது. ஸ்வாமிஜியின் கார் டிக்கியில் முப்பது கார்டுகள், ஒரு சொட்டு ஈரமில்லாமல், விற்பனைக்குப் புது விலைச்சீட்டோடு.

மாரிசாமி தன் கார்டை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"புஷ்பா, நீ கண்ணை மூடலையா?"

"மூடுனேங்க. காதை மூடல. மவுஸ் க்ளிக் பண்ற சத்தம் கேட்டுச்சு."

அன்பர்களே, நாளைக்கும் ஒருவர் வந்து கண்ணை மூடச் சொல்வார். மூடுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "நாங்க எதைப் பாத்துடக் கூடாது?"